பட்டை சிறிது; பிரஷர் பெரிது!

பருத்த உடம்புக்காரர்களைக் குழப்பும் யந்திரம்

ஆட்கள் அதே ஆட்கள். யந்திரமும் அதே யந்திரம்.

ஒரு பட்டையைக் கையில் சுற்றி அளந்தார்கள். ரத்த அழுத்தம் 144!

வேறு பட்டையைச் சுற்றி அளந்தார்கள். 124!

இடையில் மருந்து கொடுக்கவில்லை. ஊசி போடவில்லை. பட்டையை மட்டுமே மாற்றினார்கள். 20 புள்ளி வித்தியாசம் வந்து விட்டது.

இது கண்கட்டு வித்தை அல்ல. அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக டாக்டர்கள் நடத்திய பரிசோதனை. அதன் முடிவு 2023-ம் ஆண்டில் வெளிவந்தது. மிகவும் பருத்த கை உடையவர்களிடம் கண்ட சராசரிக் கணக்கு இது.

144 என்றால் "உனக்கு பிரஷர் நோய்" என்று டாக்டர் சொல்வார். மாத்திரை எழுதுவார். 124 என்றால் "பயம் இல்லை, போய் வா" என்பார்.

ஒரு துணிப்பட்டை ஒரு மனிதனை நோயாளி ஆக்குகிறது. அதே மனிதனை இன்னொரு பட்டை நல்ல ஆள் ஆக்குகிறது. இதில் எதை நம்புவது?

வீட்டுக்கு வீடு யந்திரம்

முன்பெல்லாம் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றுவார். ரப்பர் உருண்டையைப் பிசைந்து காற்று ஏற்றுவார். காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்பார். மேஜை மேல் பாதரசம் ஏறி இறங்கும்.

இன்று அந்தக் காட்சி குறைந்து வருகிறது. பாதரசம் நஞ்சு. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் பாதரசம் கலந்த கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, மீனைத் தின்ற மக்களை முடமாக்கியது. அந்த ஊரின் பெயராலேயே 2013-ம் ஆண்டில் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. பாதரசக் கருவிகளை ஒழிப்பது என்று முடிவு செய்தன.

பாதரசம் போன இடத்தில் பாட்டரி யந்திரம் வந்து உட்கார்ந்தது. பித்தானை அமுக்கினால் போதும். தானே காற்று ஏற்றும். தானே இறக்கும். எண்ணைக் காட்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பாட்டிக்கு பிரஷர் பார்த்து விடலாம்.

நல்ல வசதிதான். இதைக் குறை சொல்வதற்கு இல்லை. ரத்த அழுத்தம் சத்தம் போடாத வியாதி. தலை வலிக்காது. காய்ச்சல் அடிக்காது. உள்ளுக்குள் இருந்து இருதயத்தையும், மூளையையும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். உலகம் முழுவதும் 2024-ம் ஆண்டில் சுமார் 140 கோடி பேருக்கு இந்த வியாதி இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அடிக்கடி அளந்து பார்த்தால்தான் இதைப் பிடிக்க முடியும்.

ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டுமே! அங்கேதான் சங்கடம்.

குதிரையில் தொடங்கிய கதை

ரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஒரு பாதிரியார். பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ். இங்கிலாந்துக்காரர்.

அவர் ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்க வைத்தார். அதன் தொடையில் ஓடும் ரத்தக் குழாயில் பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகினார். அத்துடன் நீளமான கண்ணாடிக் குழாயை இணைத்தார்.

ரத்தம் கண்ணாடியில் ஏறியது. 8 அடி 3 அங்குல உயரத்துக்குப் போய் நின்றது! இருதயம் துடிக்கத் துடிக்க, மேலும் கீழும் ஆடியது. 1733-ம் ஆண்டில் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

மனிதனை இப்படிக் குத்தி அளக்க முடியுமா? முடியாது.

இத்தாலி நாட்டு டாக்டர் ரீவா ரோச்சி ஒரு வழி கண்டார். 1896-ம் ஆண்டு. புஜத்தில் ரப்பர் பையைச் சுற்றினார். காற்றை ஏற்றினார். மணிக்கட்டில் நாடி நின்றது. காற்றை இறக்கினார். நாடி திரும்பி வந்தது. அந்த நேரத்தில் பாதரசம் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுவே ரத்த அழுத்தம் என்று கணக்கிட்டார்.

1905-ம் ஆண்டில் ரஷ்ய டாக்டர் கொரட்காவ் காதுக் குழாயை வைத்துக் கேட்டார். அடைபட்ட குழாயில் ரத்தம் மீண்டும் பாயும்போது "டக், டக்" என்று ஓசை வருவதைக் கண்டார். ஓசை தொடங்கும் இடம் மேல் எண். ஓசை ஓயும் இடம் கீழ் எண். இன்றும் உலகம் முழுவதும் டாக்டர்கள் கையாளும் முறை அதுதான்.

இந்தக் கதையில் முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. ரீவா ரோச்சி சுற்றிய பை மிகவும் குறுகலானது. சுமார் 5 செண்டி மீட்டர் அகலமே இருந்தது. 1901-ம் ஆண்டிலேயே ரெக்லிங்ஹாசன் என்ற ஜெர்மன் டாக்டர் தவறைக் கண்டு சொன்னார். "பட்டை குறுகலாக இருந்தால் அழுத்தம் அதிகமாகக் காட்டும், அகலமான பட்டை வேண்டும்" என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆக, பட்டையின் அளவு முக்கியம் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 120 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த சங்கதி. தெரிந்தும் தவறு தொடர்கிறது என்பதுதான் வேடிக்கை. வேடிக்கை மட்டுமா? வேதனையும்கூட.

யந்திரம் எப்படி அளக்கிறது?

வீட்டில் உள்ள யந்திரத்துக்குக் காது இல்லை. அது ஓசையைக் கேட்பதில்லை. அதிர்வைப் பார்க்கிறது.

பட்டையில் காற்று நிறைந்திருக்கும்போது, ஒவ்வொரு இருதயத் துடிப்புக்கும் பட்டையில் ஒரு சிறு அதிர்வு உண்டாகும். காற்று இறங்க இறங்க அந்த அதிர்வு பெரிதாகும். ஓர் இடத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு சிறிதாகும்.

அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதை யந்திரம் நேராகப் பிடித்து விடுகிறது. ஆனால் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அது நேராகப் பார்ப்பதில்லை. உள்ளே எழுதி வைத்த கணக்கின்படி ஊகித்துச் சொல்கிறது!

அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வெளியில் சொல்ல மாட்டார்கள். அது அவர்களுடைய தொழில் ரகசியம்.

சாதாரண உடம்புக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்து வருகிறது. மிகவும் பருத்த உடம்பில்தான் தடுமாறுகிறது. காரணம் என்ன?

மெத்தைக்குள் குழாய்

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை எடுத்துக்கொள்வோம். அதைக் காலால் மிதித்தால் தண்ணீர் நின்று விடும். அதே குழாயைப் பஞ்சு மெத்தைக்குள் வைத்து, மெத்தைக்கு மேலே மிதித்தால்? சுலபத்தில் நிற்காது. பலத்தை எல்லாம் பஞ்சு வாங்கிக்கொள்ளும். இன்னும் ஓங்கி மிதிக்க வேண்டும்.

அகலமான பலகையைப் போட்டு அதன் மேல் மிதித்தால் அமுக்கம் நன்றாக உள்ளே இறங்கும். ஒற்றைக் காலால் மிதித்தால் இறங்காது.

பருத்த கையில் நடப்பது இதுதான். ரத்தக் குழாய் நடுவில் இருக்கிறது. அதைச் சுற்றிக் கொழுப்பும் சதையும். சிறிய பட்டையின் அமுக்கம் குழாய் வரை முழுமையாகப் போய்ச் சேருவதில்லை. யந்திரம் மேலும் மேலும் காற்றை ஏற்றுகிறது. ஏற்றிய காற்றின் அழுத்தத்தை எல்லாம் ரத்தத்தின் அழுத்தம் என்று கணக்கு எழுதி விடுகிறது!

சதையை அமுக்கிய செலவும் ரத்தத்தின் தலையில் விழுகிறது.

இதற்குத்தான் டாக்டர்கள் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பையின் நீளம், கையின் சுற்றளவில் 100-க்கு 80 பங்கு இருக்க வேண்டும். அகலம் 100-க்கு 40 பங்கு இருக்க வேண்டும்.

பூக்காரி அளந்து கொடுக்கும் ஒரு முழம், சுமார் 45 செண்டி மீட்டர். மிகவும் பருத்த ஒருவரின் புஜத்தைச் சுற்றி வந்தால் அந்த ஒரு முழம் இருக்கும். அதற்கு 36 செண்டி மீட்டர் நீளமும் 18 செண்டி மீட்டர் அகலமும் உள்ள பை வேண்டும். சாதாரணப் பட்டையில் அத்தனை பெரிய பை இருக்காது.

பால்டிமோர் பரிசோதனை

பால்டிமோரில் டாக்டர் டாமி பிரேடி என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 195 பேரை அழைத்தார்கள். எல்லோரும் வயது வந்தவர்கள். ஒல்லியானவர்கள் இருந்தார்கள், பருத்தவர்களும் இருந்தார்கள்.

ஒவ்வொருவரின் கையையும் முதலில் நாடாவால் அளந்தார்கள். அவருக்கு ஏற்ற பட்டை எது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு ஏற்ற பட்டை, அதைவிடச் சிறிய பட்டை, அதைவிடப் பெரிய பட்டை என்று மாற்றி மாற்றிச் சுற்றித் தானியங்கி யந்திரத்தால் அளந்தார்கள். எந்தப் பட்டை முதலில், எது கடைசியில் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். ஒரு பக்கம் சாயக் கூடாது அல்லவா?

முடிவு என்ன?

பெரிய பட்டை தேவையானவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது, மேல் எண் சராசரியாக 4.8 புள்ளி கூடுதலாக வந்தது.

மிகப் பெரிய பட்டை தேவையானவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது, 19.5 புள்ளி கூடுதல்! கீழ் எண்ணும் 7.4 புள்ளி கூடி விட்டது.

ஒல்லியானவர்கள் கதை இதற்கு நேர்மாறு. சிறிய பட்டை தேவையானவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் எண் 3.6 புள்ளி குறைந்து காட்டியது. பட்டை பெரிதானால் அழுத்தம் சிறிது. பட்டை சிறிதானால் அழுத்தம் பெரிது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பரிசோதனை ஒரே வகை யந்திரத்தை வைத்து நடந்தது. வேறு கம்பெனி யந்திரத்தில் வித்தியாசம் கொஞ்சம் கூடலாம், குறையலாம். இவை சராசரிக் கணக்குகள் என்பதால், ஒவ்வொரு ஆளுக்கும் 19.5 தான் என்று சொல்ல முடியாது. "எனக்கு 150 காட்டியது, 20-ஐக் கழித்தால் 130" என்று வீட்டில் கணக்குப் போடுவது ஆபத்து. கழித்துக்கொள்வதற்கு வாய்ப்பாடு கிடையாது. ஏற்ற பட்டையால் அளப்பது ஒன்றே வழி.

அளவு மட்டுமா? உருவமும்தான்!

"சரி, பெரிய பட்டையாக வாங்கி விட்டால் தீர்ந்தது" என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல்.

ஒல்லியானவரின் புஜம் வாழைத்தண்டு போல. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே பருமன். மிகவும் பருத்தவரின் புஜம் அப்படி அல்ல. தோள் பக்கம் பருத்து, முழங்கைப் பக்கம் சிறுத்திருக்கும். புனலைப் போல என்று சொல்லலாம்.

நேரான பட்டையைப் புனலில் சுற்றினால் என்ன ஆகும்? மேலே இறுகும். கீழே தொளதொள என்று நிற்கும். காற்று ஏறும்போது பட்டை முழங்கைப் பக்கம் வழுக்கும். அமுக்கம் சீராக விழாது. அளவு தப்பும்.

இத்தாலியில் படுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பாலட்டினியும் அவருடன் உழைத்தவர்களும் இதை ஆராய்ந்தார்கள். பருத்த கைக்குப் புனல் வடிவத்தில் வெட்டிய பட்டையே ஏற்றது என்று கண்டார்கள். நேரான பட்டை இத்தகையவர்களுக்கு அழுத்தத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பது அவர்கள் முடிவு.

பருத்தும் குட்டையாகவும் உள்ள கையில் இன்னொரு கஷ்டம். அகலமான பட்டை சுற்ற இடமே இருக்காது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அது அடங்காது.

அப்படிப்பட்டவர்களுக்கு மணிக்கட்டில் அளக்கலாமா என்றும் பார்த்தார்கள். இங்கிலாந்து டாக்டர்கள் 2016-ம் ஆண்டில் பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து அலசினார்கள். ஏற்ற பட்டை கிடைக்காதபோது மணிக்கட்டு அளவு உதவக்கூடும் என்று சொன்னார்கள். ஆனால் மணிக்கட்டு இருதயத்துக்கு நேர் உயரத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தாலும் எண் ஏறி விடும். டாக்டர் காட்டிக் கொடுக்காமல் தாமே செய்தால் பிசகும்.

முத்திரை எப்படிக் கிடைக்கிறது?

யந்திரம் கடைக்கு வருமுன் அதைப் பரீட்சை செய்ய வேண்டாமா?

வேண்டும். அதற்கு உலக அளவில் விதி இருக்கிறது. 2018-ம் ஆண்டில் அமெரிக்க நிபுணர்களும் ஐரோப்பிய நிபுணர்களும் சேர்ந்து ஒரே விதியாக ஆக்கினார்கள்.

விதியின் சாரம் இது: குறைந்தது 85 பேரிடம் யந்திரத்தைச் சோதிக்க வேண்டும். பழகிய ஆட்கள் காதுக் குழாயை வைத்து அளந்த அளவோடு ஒப்பிட வேண்டும். சராசரி வித்தியாசம் 5 புள்ளிக்கு மேல் போகக் கூடாது. இதில் தேறினால் முத்திரை.

சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 85 பேரில் பெரும்பாலோருக்குச் சரியாக இருந்து, சிலருக்கு மட்டும் நிறையப் பிசகினாலும் யந்திரம் தேறி விடக்கூடும். வகுப்பின் சராசரி மதிப்பெண் நன்றாக இருந்தால், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தேறி விட்டார்கள் என்று அர்த்தமா?

விதியை எழுதியவர்களும் இதை அறிந்திருந்தார்கள். 42 செண்டி மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள கையை அவர்கள் தனி வகை என்று ஒதுக்கினார்கள். கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் எப்படித் தனியாகச் சோதிக்க வேண்டுமோ, அப்படியே இவர்களையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

அதாவது, பொதுப் பரீட்சையில் தேறிய யந்திரம் மிகவும் பருத்த கைக்கும் தேறியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொதுப் பரீட்சைக்கே போகாத யந்திரங்களும் கடையில் உண்டு. 2020-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இணையக் கடைகளில் விற்கும் 972 வகை யந்திரங்களை எடுத்துப் பார்த்தார்கள். முறையாகச் சோதித்துத் தேறியவை 100-க்கு 7-க்கும் குறைவுதான்!

20 புள்ளி என்ன செய்யும்?

"நாலைந்து புள்ளி கூடினால் குடி முழுகி விடுமா?" என்று கேட்கலாம்.

2021-ம் ஆண்டில் ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது. 48 பரிசோதனைகள், சுமார் 3 லட்சத்து 44 ஆயிரம் பேர். மேல் எண்ணை 5 புள்ளி குறைத்தாலே, மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகள் 100-க்கு 10 பங்கு குறைகின்றன என்று கண்டார்கள். 5 புள்ளிக்கே இத்தனை மதிப்பு என்றால், 20 புள்ளி தவறிப் போவது சாதாரணமா?

இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டினால், வேண்டாத மாத்திரை உள்ளே போகிறது. ஒரு மாத்திரை இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. உண்மையான அழுத்தம் தரை தட்டுகிறது. படுக்கையை விட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது. வயதானவர் விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது.

பணச் செலவு வேறு. பயம் வேறு. "எத்தனை மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லையே" என்ற கவலை வேறு.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எனக்குக் காட்டிய பிரஷர் பொய்" என்று மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து! உடல் பருத்தவர்களுக்கு உண்மையாகவே ரத்த அழுத்தம் வருவது அதிகம். இதில் டாக்டர்களுக்குள் அபிப்பிராய பேதம் கிடையாது. யந்திரம் பிசகலாம், வியாதியும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது சரியான அளவு மட்டுமே.

யார் இவர்கள்?

மிகவும் பருத்த உடம்பு என்றால் எவ்வளவு?

எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு ஒன்று உண்டு. கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். விடை 30-ஐத் தொட்டால் உடல் பருமன். 40-ஐத் தொட்டால் கடுமையான பருமன். 160 செண்டி மீட்டர், அதாவது 5 அடி 3 அங்குலம் உயரமுள்ள ஒருவர் 102 கிலோவுக்கு மேல் இருந்தால் 40 ஆகி விடும்.

உலகில் 2022-ம் ஆண்டில் 89 கோடி வயது வந்தவர்களுக்கு உடல் பருமன் இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இது அமெரிக்காவின் கவலை மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பெண்களில் 100-க்கு 40 பேர் இருக்க வேண்டிய எடைக்கு மேல் இருந்தார்கள். ஆண்களில் 100-க்கு 37 பேர். இவர்களில் கடுமையான பருமன் உள்ளவர்கள் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் எடை ஏறினால் கையும் பருக்கும். சாதாரணப் பட்டை போதாதவர்கள் பெருகுவார்கள்.

தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்கும் திட்டம். வாசலிலேயே அளந்து, வாசலிலேயே மருந்து என்னும்போது, அளக்கும் கருவியும் பட்டையும் எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் யாருடையது?

கம்பெனிகள் பெட்டிக்கு ஒரு பட்டையைத்தான் வைக்கின்றன. பெரிய பட்டை வேண்டுமானால் தனி விலை. மிகப் பெரிய பட்டை பல கடைகளில் கிடைப்பதே இல்லை. பத்துப் பேருக்கு ஒருவர் கேட்கும் சாமானைக் கடைக்காரர் வாங்கி வைப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம். ஒருவருக்குச் சுற்றிய பட்டையையே அடுத்தவருக்கும் சுற்றுகிறார்கள். நாடாவை எடுத்துக் கையை அளக்க நேரம் எங்கே?

பருத்தவர் வாய் திறந்து கேட்பதும் இல்லை. பலர் நடுவில் "எனக்குப் பெரிய பட்டை வேண்டும்" என்று சொல்ல வெட்கம். பட்டை ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு வரும்போது பக்கத்தில் இருப்பவர் சிரித்தால், அடுத்த முறை ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டார்.

இந்தக் கூச்சத்தைப் போக்குவது மற்றவர்கள் கடமை. செருப்பில் 6-ம் நம்பரும் உண்டு, 10-ம் நம்பரும் உண்டு. 10-ம் நம்பர் கேட்பவரைப் பார்த்துக் கடைக்காரர் சிரிக்கிறாரா?

கட்டளை போட வேண்டியவர்கள் அரசாங்கத்தார். பெட்டியின் மேல், எத்தனை செண்டி மீட்டர் கைக்கு இந்தப் பட்டை ஏற்றது என்று தமிழிலும் பெரிய எழுத்தில் போடச் செய்யலாம். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் மூன்று அளவுப் பட்டைகள் இருக்கச் செய்யலாம். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. கவனம்தான் வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தையல் நாடா ஒன்று எடுக்க வேண்டும். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில், புஜத்தைச் சுற்றி அளக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும், மடக்கக் கூடாது.

பிறகு பட்டையைப் பார்க்க வேண்டும். அதன் மேல் "22-32" என்றோ, "22-42" என்றோ அச்சிட்டிருக்கும். அது செண்டி மீட்டர் கணக்கு. கையின் சுற்றளவு அந்த இரண்டு எண்களுக்குள் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் அந்தப் பட்டை அந்தக் கைக்கு உதவாது.

அதே கம்பெனியின் பெரிய பட்டையை வாங்கலாம். ஒரு கம்பெனி யந்திரத்தில் இன்னொரு கம்பெனிப் பட்டையை மாட்டக் கூடாது. உள்ளே இருக்கும் கணக்கு மாறி விடும்.

அளக்கும் முன் 5 நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். பேசக் கூடாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும். கை மேஜை மேல், இருதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு அளந்தால் மேல் எண் 6.5 புள்ளி வரை கூடும் என்று 2024-ல் வெளிவந்த இன்னொரு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பரிசோதனை சொல்கிறது. ரவிக்கைக்கு மேலோ, சட்டைக்கு மேலோ சுற்றக் கூடாது. கையை இறுக்கும்படி சட்டையைச் சுருட்டி விடவும் கூடாது.

வீட்டு யந்திரத்தை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவது நல்லது. டாக்டர் ஏற்ற பட்டையால் அளந்த அளவும் யந்திரத்தின் அளவும் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்து விடலாம்.

பெரிய வித்தியாசம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு. தானாக நிறுத்தக் கூடாது.

தையல்காரர் சொல்லும் பாடம்

கல்யாணத்துக்குச் சட்டை தைக்கப் போனால், தையல்காரர் முதலில் கழுத்தில் தொங்கும் நாடாவைத்தான் எடுக்கிறார். தோளை அளக்கிறார். மார்பை அளக்கிறார். கையை அளக்கிறார். அளக்காமல் துணியில் கத்தரி வைப்பதில்லை. துணி பாழாகி விடும் என்று அவருக்குத் தெரியும்.

சட்டை பிசகினால் பிரித்துத் தைக்கலாம். உடம்புக்குள் போன மருந்தைப் பிரித்துத் தைக்க முடியாது.

ஒரு நாள் உடுத்தும் சட்டைக்கே கையை அளக்கிறார்கள். ஆயுள் முழுவதும் சாப்பிடப் போகும் மாத்திரைக்கு முன்னால் ஒரு தடவை கையை அளக்க வேண்டாமா?